ஜீப்பின் நெற்றியில் கிடைத்த மஞ்சள் வட்டம்

முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்த் தகட்டில் துரு ஏறி, இரண்டு மூன்று இடத்தில் ஆணி குத்தினால் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. டிங்கரிங் பார்க்கிற தம்பி, "ரிமூவர் தடவி மொத்தமா உரிச்சுருவோம்ணே, தகரம் என்ன கதியில இருக்குன்னு அப்பத்தான் தெரியும்" என்றார். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் எந்தப் பழைய வண்டியிலும் உரிப்பதற்கு முன் ஒரு ஓரத்தில் வாட்டர் பேப்பர் போட்டு எத்தனை பூச்சு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு வழக்கம். 600-ஆம் நம்பர் பேப்பர், சோப்புத் தண்ணீர், கட்டைவிரல் அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தேன். மேலே வெள்ளை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் ஒரு சாம்பல். சாம்பலுக்குக் கீழே பச்சை வரும் என்று எதிர்பார்த்துத் தேய்த்தால் மஞ்சள் வந்தது.

அன்றைக்கு அதோடு வேலையை நிறுத்திவிட்டு, ரிமூவர் டப்பாவை எடுத்து ஷெட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது போடிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டக் குடும்பத்திடம் வாங்கியது. போடி, கம்பம், தேவாரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்த மலை ரோட்டில் தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் விடியற்காலையிலேயே வரிசை கட்டி நிற்கும். அவற்றில் பெரும்பாலும் மகிந்திராதான். இதையும் மகிந்திரா என்று சொல்லித்தான் விற்றார்கள். முன் பக்கம் குனிந்து பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. ரேடியேட்டருக்குக் கீழே போகிற குறுக்குச் சட்டம் வில்லிஸ் எம்பி வண்டியில் உருண்டைக் குழாயாக இருக்கும், ஃபோர்டு கம்பெனி போட்ட ஜிபிடபிள்யூவில் கவிழ்த்த பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். இதில் சதுரம். அப்புறம் போல்ட்டுத் தலைகளைத் துடைத்துப் பார்த்தால் சின்னதாக 'எஃப்' என்ற எழுத்து. ஃபோர்டு தன் பாகங்களில் எல்லாம் அந்த எழுத்தைக் குத்தி வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள், அதில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

சரி, மஞ்சளுக்கு வருகிறேன். அடுத்த நான்கு நாள் காலையும் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்த ஒரு தகட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். 600-ல் தொடங்கி, மஞ்சள் கிட்டே வரும்போது 800, கடைசியில் 1000. பேப்பரை விரலில் சுற்றித் தேய்க்காமல் ஒரு துண்டு ரப்பரில் சுற்றிக்கொள்ளுங்கள், விரல் பள்ளம் பறித்துவிடும். இன்னொரு விஷயம், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அந்தக் காலத்து மஞ்சள் பெயிண்டில் ஈயம் இருக்கும், குரோம் யெல்லோ என்பதே ஈயக் குரோமேட்தான். உலர்ந்த பேப்பர் போட்டுத் தூசி கிளப்பவே கூடாது. எப்போதும் ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், முகத்துக்கு நல்ல மாஸ்க் வேண்டும், அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. துடைத்த துணியைத் தனி டப்பாவில் மூடி வைத்தேன். வீட்டுக்குள் போகும் முன் சட்டையை மாற்றிக்கொண்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நான்காம் நாள் காலையில் ஷெட்டின் கிழக்குக் கதவைத் திறந்தபோது சாய்வாக வெயில் விழுந்தது, தகட்டின் மேல் அது தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆறரை அங்குல வட்டம். முழு வட்டம் இல்லை, இடது பக்கம் பிறை மாதிரி மஞ்சள் நன்றாக இருந்தது, வலது பக்கம் தேய்ந்து அடிப்பச்சை தெரிந்தது. நடுவில் எழுதியிருந்த கறுப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது, ஆனால் அந்தக் கறுப்பு இருந்த இடம் மட்டும் மஞ்சள் கொஞ்சம் தடிப்பாக, வெயில் படாத தோல் மாதிரி வேறு நிறத்தில் இருந்தது. நகத்தால் மெல்ல வருடினால் விளிம்பு தட்டுப்பட்டது. மேலே ஒரு வளைவு, சாய்ந்து இறங்குகிற ஒரு கோடு, கீழே தரையில் படுத்த மாதிரி ஒரு பட்டை. இரண்டு. நாலங்குல உயரத்தில், அரை அங்குலத் தடிமனில், கையால் எழுதிய '2' என்ற எண். கீழ்ப்பட்டையின் வலது முனையில் பிரஷ்ஷைத் தூக்கிய இடம் லேசாக மேல்நோக்கி இழுபட்டிருந்தது. எழுதியவர் கொஞ்சம் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும்.

அதை என்னவென்று எனக்குப் பாதிதான் தெரியும். பழைய ராணுவ வண்டிப் படங்களில் முன்பக்கம் மஞ்சள் வட்டம் பார்த்திருக்கிறேன், ஏதோ பட்டாலியன் நம்பர் என்று நினைத்திருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சில நேரம் ஷெட்டுக்கு வருகிற ஓர் அண்ணன் இருக்கிறார், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், அது அந்தப் படைக்கே செல்லப் பெயர். அவர் வந்து தகட்டைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "கிளாஸ் ரெண்டு. பாலத்து நம்பர் தம்பி இது."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். படை போகிற வழியில் ஒவ்வொரு பாலத்துக்கும் பொறியாளர்கள் ஒரு எண் கொடுத்து, மஞ்சள் வட்டத்தில் கறுப்பாக எழுதிப் பாலத்தின் முனையில் நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அதே மாதிரி ஒரு எண், அதே மஞ்சள் வட்டத்தில், முன்பக்கம். பாலத்தில் காவல் நிற்கிற சிப்பாய்க்கு வண்டி என்ன மாடல், என்ன சரக்கு, எத்தனை டன் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. வண்டியின் எண் பாலத்தின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் கையைக் காட்டி விடுவார், கூடுதலாக இருந்தால் நிறுத்திவிடுவார். இருட்டில், மழையில், பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கும்போதும் ஒரு பார்வையில் முடிவாக வேண்டிய வேலை. அதனால்தான் அவ்வளவு பெரிய எழுத்து, அதனால்தான் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற மஞ்சள்.

"நம்பரத் தப்பா எழுதிட்டா?" என்று கேட்டேன்.

"பாலம் விழும். இல்லன்னா போக வேண்டிய வண்டி கரையில நிக்கும். ரெண்டுமே தப்புத்தான்" என்றார்.

அந்தப் பதிலுக்கு அப்புறம்தான் இந்த வேலையைச் சும்மா அலங்காரமாகச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தேன். நம் ஊரில் பழைய ஜீப்பை ராணுவ வண்டியாக மாற்றுகிற நண்பர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், வேலையும் நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் இந்த மஞ்சள் வட்டம் வரும்போது மட்டும் ஸ்டிக்கர் கடையில் போய்க் கைக்கு வந்த எண்ணை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். 5 என்று போட்ட ஜீப் பார்த்திருக்கிறேன், 12 என்று போட்ட ஜீப்கூடப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணோடு ஒரு ஜீப் அன்றைக்குப் போயிருந்தால், அது தாராளமாகக் கடந்திருக்கக்கூடிய பாலங்களில்கூட நிறுத்தி வைத்திருப்பார்கள்.

2024-ல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது சூரல்மலையில் ராணுவம் போட்ட இரும்புப் பாலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைப் போட்டது மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். 190 அடி நீளம், கிளாஸ் 24. செய்தியில் 24 டன் தாங்கும் பாலம் என்று சொன்னார்கள், அது பொதுமக்களுக்குப் புரிவதற்காகச் சொன்னது, கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் முழுக்கச் சரியில்லை. அந்த 24 என்பது இந்த மஞ்சள் வட்டத்துக்குள் எழுதுகிற வகை எண். அண்ணன் அந்தப் படத்தைத் தன் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார், காட்டும்போது குரல் மாறிவிடுகிறது.

அது பெய்லி பாலம். போர்க்காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது. பத்தடி நீளமுள்ள பேனல், ஒவ்வொன்றும் 260 கிலோ போல வரும், ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்கிவிடலாம், கிரேன் வேண்டாம். பேனலைப் பேனலோடு பின் அடித்துச் சேர்த்து நீட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரே வரிசையா, இரண்டு வரிசையா, மூன்றா, அதன் மேல் இன்னொரு அடுக்கா என்பதைப் பொறுத்து டபுள்-சிங்கிள், டிரிபிள்-டபுள் என்று பெயர் சொல்வார்கள். அதே பேனலால் கட்டிய பாலத்துக்கே நீளம் கூடினால் கிளாஸ் இறங்கும், வரிசையோ அடுக்கோ கூடினால் கிளாஸ் ஏறும். 1944 டிசம்பரில் பர்மாவில் கலேவா என்ற இடத்தில் சிந்துவின் ஆற்றுக்குக் குறுக்கே மிதவை மேல் 1,154 அடிக்கு ஒரு பெய்லி பாலம் போட்டார்கள், அப்போது உலகிலேயே நீளமானது அதுதான். என் ஜீப் மாதிரி வண்டிகள் அதன் மேல் வரிசையாகப் போயிருக்கும், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு மஞ்சள் வட்டத்தோடு.

கிளாஸ் என்பது டன் இல்லை என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எனக்கே அண்ணன் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் பிடிபட்டது. வைகையில் ஒரு தரைப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு நெல் மூட்டையைப் பாலத்தின் நடுவில் ஒரே குவியலாகப் போட்டால் ஒரு விதம். அதே நூறு மூட்டையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வரிசையாக அடுக்கினால் வேறு விதம். எடை ஒன்றுதான், பாலம் வளைகிற வளைவு ஒன்றில்லை. டாங்கி குட்டையான சங்கிலித் தடத்தில் மொத்த எடையையும் ஓரிடத்தில் இறக்குகிறது. லாரி நான்கைந்து அச்சில் பிரித்து, நீளமாக இறக்குகிறது. அதனால் அச்சுக்கு எவ்வளவு எடை, அச்சுக்கும் அச்சுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, பாலத்தை அது எவ்வளவு வளைக்கும், குறுக்கே அறுப்பது போல எவ்வளவு வெட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் எண் வருகிறது. நேட்டோ நாடுகள் பின்னாளில் இதை ஒழுங்குபடுத்தியபோது 4-லிருந்து 150 வரை பதினாறு கற்பனை வண்டிகளை வைத்துக்கொண்டு, நிஜ வண்டியை அவற்றோடு ஒப்பிட்டு எண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் கிளாஸ் 40 சங்கிலித்தட வண்டி 40 டன்தான், ஆனால் கிளாஸ் 40 சக்கர வண்டி 47 டன். களத்தில் அவ்வளவு கணக்குப் போட நேரமில்லை என்றால் அமெரிக்க முறையில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: சங்கிலி வண்டிக்கு மொத்த எடையே கிளாஸ், சக்கர வண்டிக்கு மொத்த எடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். இங்கே டன் என்பது 907 கிலோ உள்ள அமெரிக்க டன், நம் ஆயிரம் கிலோ டன் இல்லை.

நம் சாலைப் பாலங்களுக்கும் இதோடு தூரத்து உறவு உண்டு. சிவில் படித்தவர்களுக்கு சாலைப் பாலங்களுக்கு விதி வகுக்கிற ஐஆர்சி அமைப்பின் கிளாஸ் ஏஏ, 70ஆர் என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். பாலம் வடிவமைக்கும்போது அதன் மேல் போவதாக வைத்துக்கொள்கிற கற்பனை வண்டிகள் அவை, கிளாஸ் ஏஏவில் ஒன்று 70 டன் சங்கிலித்தட வண்டி. நாம் பைக்கில் போகிற நான்குவழிச்சாலைப் பாலத்தின் கணக்குக்குள் ஒரு டாங்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, எண்ணைச் சரிபார்க்க எடை போட வேண்டும். பழைய எண் 2 என்று தகட்டிலேயே இருக்கும்போது எதற்கு எடை என்று நண்பர்கள் கேட்டார்கள். இந்த எண்பது வருடத்தில் வண்டியில் என்னென்ன மாறியிருக்கிறதோ, பின்னால் தோட்டத்துக்காரர்கள் தடிமனான ஆங்கிள் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள், அதை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் என் கண்ணால் பார்க்காமல் எழுத எனக்கு ஒப்பவில்லை. ரிங் ரோடு பக்கம் ஓர் எடைமேடைக்கு ஓட்டிப் போனோம். நெல் லாரியும் எம்-சாண்ட் லாரியும் நிற்கிற வரிசையில் முன்கண்ணாடி இல்லாத ஒரு ஜீப். மேடைக்காரர் முதலில் நம்பவில்லை, அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார். பெரிய மேடையில் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், பரவாயில்லை, எனக்கு அது போதும்.

முன் சக்கரம் மட்டும் மேடையில்: 580. முழு வண்டி: 1,140 கிலோ. கழித்தால் பின்னச்சில் 560. கழற்றி வைத்திருந்த முன்கண்ணாடிச் சட்டத்தைப் பின்னால் போட்டுத்தான் எடை பார்த்தேன், டேங்க் நிரம்பப் பெட்ரோல். ஆனால் கிளாஸ் என்பது வெறும் வண்டிக்கு இல்லை, சுமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஜீப்புக்கு ஆட்களையும் சேர்த்துச் சுமை 800 பவுண்டு, அதாவது 363 கிலோ என்பது அந்தக் காலத்து அளவு. நாலு பேர் ஏறினோம், ஒரு பெட்ரோல் கேன், டூல்ஸ் பெட்டி, கயிறு, இரும்பு ஜாக்கி எல்லாம் ஏற்றினோம். 1,480. சீட்டை அச்சடித்து வாங்கிக்கொண்டேன். அதை 1,016 கிலோ உள்ள பிரிட்டிஷ் டன்னில் போட்டால் 1.46 வருகிறது. அமெரிக்கக் குறுக்குவழியில் போட்டால் 1.63 டன், அதை 0.85-ஆல் பெருக்கினால் 1.39. எந்த வழியில் போனாலும் மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 2. எண்பது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் அவசரமாக எழுதிய அந்த எண் சரியாக இருந்தது. மேடையை விட்டு இறங்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது.

இந்த இடத்தில் நண்பர்களோடு ஒரு சின்ன வாக்குவாதம். பழைய படங்களில் சில ஜீப்புகளில் வட்டத்துக்குள் பின்னம் மாதிரி மேலே 3, நடுவில் கோடு, கீழே 2 என்று இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, "அதையே போட்ருவோம் மாப்ள, கெத்தா இருக்கும்" என்றான் ஒருவன். அதன் பொருள் வேறு: கீழே உள்ளது வண்டிக்கு மட்டும், மேலே உள்ளது பின்னால் இழுவை மாட்டியிருந்தால் இரண்டுக்கும் சேர்த்து. என்னிடம் இழுவை வண்டி இல்லை. தகட்டிலும் ஒற்றை எண்தான் இருந்தது. இல்லாத இழுவைக்கு எண் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். அதே மாதிரி நேட்டோ முறையில் இழுவையோடு சேர்ந்த எண்ணுக்கு மேல் 'சி' என்று ஓர் எழுத்து வரும், அது போருக்குப் பிந்தியது, 1943 வண்டியில் அதைப் போடக் கூடாது. படைச் சின்னம் வேண்டும் என்றும் கேட்டார்கள். 17-ஆவது இந்திய டிவிஷனின் கறுப்புப் பூனை, 4-ஆவது டிவிஷனின் சிவப்புக் கழுகு, இரண்டுமே கண்ணைப் பறிக்கிற சின்னம்தான். ஆனால் அதற்கு என் வண்டியில் ஒரு தடயமும் இல்லை. ரத்தம் சிந்தி வாங்கிய சின்னத்தை அழகுக்காக எடுத்து ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. தடயம் கிடைத்தது வட்டத்துக்குத்தான், வட்டம் மட்டும் போதும்.

வண்டியின் நிறத்தில்தான் நான் ஒரு சமரசம் செய்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தகட்டின் அடிப்பூச்சு அமெரிக்க ஆலிவ். ஆனால் நம் மோட்டார் வாகன விதியில் 121-ஆவது விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான், தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது. பல பேர் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், சோதனையில் மாட்டினால் அலைச்சல். நான் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 1941-லிருந்து 1944 வரை அடித்த எஸ்சிசி 2 என்ற காப்பிப் பழுப்பை எடுத்துக்கொண்டேன், அந்தக் காலத்து நிறம்தான், விதிக்கும் ஒத்துவரும். நிறம் மாற்றியதை ஆர்சி புத்தகத்திலும் பதிந்துகொள்ள வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

இனி பெயிண்ட். முதலில் பழைய வட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி. ஓட்டைகள் தகட்டின் கீழ் விளிம்பில்தான் இருந்தன, வட்டத்திலிருந்து மூன்று விரல் தள்ளி. அந்த விளிம்பை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தோம், வட்டத்தின் மேல் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, சூடு போகாமல் பொட்டுப் பொட்டாக. அப்புறம் டிரேசிங் பேப்பர் ஒட்டி அந்த இரண்டின் ஒவ்வொரு வளைவையும் பென்சிலால் எடுத்துக்கொண்டேன், ஸ்கேல் வைத்துப் படமும் எடுத்தேன். பழைய வட்டத்தைச் சுரண்டவில்லை. சுற்றியிருந்த பூச்சுகளைச் சரிவாகத் தேய்த்து மட்டம் செய்து, வட்டத்தின் மேல் எபாக்சி பிரைமர் மெல்லியதாக இரண்டு கோட் அடித்து மூடிவிட்டேன். அதன் மேல்தான் பழுப்பு, அதன் மேல்தான் புது வட்டம். நாளைக்கு யாராவது கவனமாகத் தேய்த்தால் அது அடியில் அப்படியே இருக்கும்.

முதல் முயற்சி வீணாகிவிட்டது. பழுப்பின் மேல் நேராக மஞ்சள் எனாமல் அடித்தேன். மஞ்சளுக்கு மறைக்கிற சக்தி குறைவு, மூன்று கோட் போட்டும் அழுக்கு மஞ்சளாகத்தான் நின்றது. வட்டத்துக்கு மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டியிருந்தேன், பழுப்பு மேட் பூச்சு என்பதால் அதன் நுண்ணிய மேடுபள்ளத்தில் பெயிண்ட் டேப்புக்கு அடியில் கசிந்து விளிம்பு பூரான் கால் மாதிரி ஆனது. இதெல்லாம் போதாது என்று, பளபளப்பைக் குறைக்க அதன் மேல் மேட் கிளியர் ஒரு கை அடித்தேன். அது என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வகை. எனாமல் மேல் என்சி போகக் கூடாது, அதிலும் முழுக்கக் காயாத எனாமல் மேல் போகவே கூடாது, அதன் தின்னர் கீழே உள்ளதைக் கிளப்பிவிடும். பத்து நிமிடத்தில் அந்த மஞ்சள் வட்டம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டு எழுந்தது. எபாக்சி பிரைமர் காப்பாற்றியது, அடியில் இருந்த பழைய வட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் முறைக்குச் சிம்மக்கல் பக்கம் போர்டு எழுதுகிற ஓர் அண்ணனைக் கூட்டி வந்தேன். பிளெக்ஸ் வருவதற்கு முன் மதுரையில் கடைப் பெயர்ப் பலகை, சுவர் விளம்பரம், லாரி முகப்பு எல்லாம் இவர் மாதிரி ஆட்களின் கையில்தான் இருந்தது. டிரேசிங்கை வாங்கிப் பார்த்தார். "இதை எழுதுனவரு பெயிண்டரு இல்ல தம்பி. ஆனா கை நடுங்காத ஆளு" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். போர்டு எழுதுகிறவர் என்றால் இரண்டின் கழுத்தை மெலிதாக இறக்கி அடியில் தடிப்பாக்குவாராம், இவர் ஒரே தடிமனில் இழுத்திருக்கிறாராம். அந்தக் கடைசி இழுப்பையும் காட்டினார், பிரஷ்ஷைத் திருப்பாமல் தூக்கியிருக்கிறார் என்று.

அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வட்டத்தின் நடுவில் தகட்டில் ஆணி அடிக்க முடியாது என்பதால் நாலு மடிப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் காம்பஸ் முனையை வைத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டார். டேப் எதுவும் இல்லாமல் முதலில் வெள்ளை எனாமல், விளிம்பைத் தட்டைப் பிரஷ்ஷால், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் கால் வட்டம், அப்புறம் அடுத்த கால். மறுநாள் மஞ்சள். கடையில் கிடைக்கிற கோல்டன் யெல்லோ சிவப்புச் சாய்ந்தது, லெமன் யெல்லோ பச்சைச் சாய்ந்தது, பழைய பிறையின் படத்தையும் சட்டத்தின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு சிட்டிகை பழைய மஞ்சளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றுக்கு ஒன்று கலந்து, ஒரு துளி பழுப்பு விட்டோம். காய்ந்தால் நிறம் கொஞ்சம் இறங்கும், அதனால் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் பிரஷ் எடுக்கவே கூடாது, தின்னர் பறந்துவிடும், பிரஷ் தடம் அப்படியே நிற்கும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுக் காலையிலேயே முடித்தோம்.

மூன்றாம் நாள் கறுப்பு. டிரேசிங்கின் பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, வைத்து அழுத்தி, அந்தக் கோட்டின் மேல் எழுதினார். ஒரே தடிமன், அரை அங்குலம். கடைசிப் பட்டையை முடிக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார், "அவரு மாதிரியே தூக்கவா, இல்ல சதுரமா முடிக்கவா?" அவர் மாதிரியே என்றேன். தூக்கினார்.

பளபளப்பை இந்த முறை கிளியரால் குறைக்கவில்லை. பத்து நாள் காயவிட்டு, 1500 பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மிக லேசாக ஒரு சுற்று, அவ்வளவுதான், மங்கிவிட்டது.

ஒரு குறை உண்டு. முன்கண்ணாடிச் சட்டத்தைப் பானட் மேல் மடித்துப் போட்டால் வட்டம் அடியில் போய்விடும், எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான் பல வண்டிகளில் பம்பரிலோ கிரில்லிலோ தனித் தகடாக மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் வண்டியில் இருந்த இடம் இதுதான், அதனால் அங்கேயே விட்டுவிட்டேன், சட்டத்தை மடிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை உசிலம்பட்டிக்கு ஓட்டிப் போய் ஹவில்தார் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டார். வட்டத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், பின்னால் ஏற்றியிருந்த சாமான்களை எட்டிப் பார்த்தார்.

"எடை போட்ட சீட்டு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1,140, 1,480 இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். சீட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, வலது கையை நீட்டி, போகலாம் என்று வழி காட்டினார். அந்தச் சீட்டும் டிரேசிங் பேப்பரும் இப்போது டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரே கவரில் இருக்கின்றன.